ஜீப்புக்கு டெயில் கேட் (பின்கதவு) செய்யக் கொடுக்கிறீர்களா? பெயிண்ட் அடிக்கும் முன் ஒரு தடவை போய்ப் பாருங்கள்

போடி, கம்பம் பக்கம் பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பட்டறையின் பேரைப் போடவில்லை, தனியாகக் கேட்டாலும் சொல்ல மாட்டேன். நான் எந்த இடத்தில் கோட்டைவிட்டேன் என்பதுதான் உங்களுக்கு உபயோகப்படும்.

வண்டி 1986 மாடல் மஹிந்திரா எம்எம்540 ஜீப். அப்பா வாங்கியது. பியூஜோ டீசல் எஞ்சின் இன்றைக்கும் ஒரே செல்ஃபில் பிடித்துவிடும். பாடிதான் போய்க்கொண்டே இருக்கிறது. மலையில் மழையிலும் பனியிலும் நின்ற வண்டி. டெயில் கேட்டின் கீழ்மடிப்பு மூன்று விரல் உயரத்துக்கு அரித்துப்போய், தட்டினால் துரு பொலபொலவென்று கொட்டியது. அதற்கு மேலே எல்லாம் கெட்டித் தகடு. அடிப்பாகத்தை மட்டும் வெட்டி ஒட்டுப் போட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும்.

"ஒட்டெல்லாம் நிக்காது சார். ஆறே மாசத்துல பழையபடி வந்து நிப்பீங்க. 16 கேஜ் சிஆர் சீட்டுல புதுசாவே அடிச்சிருவோம். உங்க பேரன் காலம் வரைக்கும் கெடக்கும்" என்றார் பட்டறைக்காரர். கேஜ் என்பது தகட்டின் தடிமன் நம்பர், சிஆர் என்பது குளிர்நிலையில் உருட்டிய இரும்புத் தகடு. ஸ்டெப்னியைக் கதவிலேயே மாட்டி, பக்கவாட்டில் திறக்கிற மாதிரி செய்யலாம், இப்போது எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள் என்றும் ஆசை காட்டினார். அது வேண்டாம், பழையது மாதிரியே சங்கிலி போட்டுக் கீழே விழுகிற கதவுதான் வேண்டும் என்றேன். 9,500 ரூபாய் பேசி முடித்தோம். காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் கணக்கு எழுதிக் கொடுத்தார். பில் என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். 6,000 முன்பணம் அனுப்பினேன். "அளவுக்கு மாதிரி வேணும்" என்று பழைய கதவையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

நாலு நாள் என்றது ஐந்து வாரம் ஆனது. கரண்ட் இல்லை, வெல்டர் ஊருக்குப் போய்விட்டான், சீட்டு வரவில்லை. ஒரு நாள் அவரே போன் போட்டு, வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். போனபோது கதவு பெயிண்ட் அடித்துப் பளபளவென்று சாத்தி வைத்திருந்தது. தூக்கிப் பார்த்தேன், நல்ல கனம். அரைமணி நேரத்தில் மாட்டிக் கொடுத்தார்கள். மீதிப் பணத்தையும் அனுப்பிவிட்டுக் கிளம்பினேன்.

ஒரு வாரத்திலேயே கடகடவென்று சத்தம். இடது மேல்மூலையில் அரை அங்குல இடைவெளி, வலதுபக்கம் பாடியோடு உரசல். நாற்பது வருஷ ஜீப்பின் பின்வாசல் நேர்ச்சதுரமாக இருக்காது. ஜீப்புக்கெல்லாம் மூதாதையான ராணுவத்து வில்லிஸுக்குப் பின்கதவே கிடையாது, பின்பக்கம் முழுத்தகடு. 1945-இல் வந்த சிஜே-2ஏ என்ற சிவில் ஜீப்பில்தான் அங்கே வாசலை வெட்டிக் கதவு வைத்தார்கள். தகடு பிடித்துக்கொண்டிருந்த இடத்தில் வெறும் வாசல் வந்துவிட்டதால், வருஷக்கணக்கில் குலுங்கும்போது அந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணும். அதனால் மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு பக்கமும் டேப் பிடித்துப் பார்க்க வேண்டும். இவர்கள் அகலத்தையும் உயரத்தையும் மட்டும் எடுத்திருக்கிறார்கள். கதவு உள்ளே போகாததால் என் வண்டியின் பின்வாசல் வலது தூணைச் சுத்தியலால் தட்டி வளைத்திருக்கிறார்கள். அடிபட்ட தடம் மேட் போட்டு மூடியிருந்தது.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். அடுத்த மாசம் ஏலத்தோட்டத்துக்கு வேப்பம்புண்ணாக்கு மூட்டை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறினேன். ஏற்றத்தில் சரக்கு முழுக்கப் பின்கதவில்தானே சாயும். ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது 'டப்' என்று சத்தம். வலதுபக்கச் சங்கிலிக் கொக்கி, அஞ்சு ரூபாய்க் காசளவு தகட்டைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. கதவு ஒற்றைச் சங்கிலியில் தொங்க, இரண்டு மூட்டை ரோட்டில். பின்னால் வந்த பஸ் டிரைவர் பிரேக்கைப் பிடித்து நிறுத்தினார். நிறுத்தியதும் அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது. அவர் இடத்தில் ஒரு பைக் வந்திருந்தால் என்று இப்போதும் ராத்திரியில் தோன்றும்.

வீட்டுக்கு வந்து பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கதவில் வைத்தேன். பாதி இடங்களில் வழுக்கி விழுந்தது. உளியை வைத்துத் தட்டினால், பெயிண்டுக்கு அடியில் மேடுபள்ளம் நிரப்பப் பூசும் பட்டி ஓடு ஓடாகப் பெயர்ந்தது, சில இடத்தில் விரல் தடிமன். தூக்கிப் பார்த்தபோது தெரிந்த கனமெல்லாம் பட்டியின் கனம். அடியில் இருந்தது துண்டு துண்டாகச் சேர்த்த 22 கேஜ் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடு. கேஜ் நம்பர் கூடக் கூட தகடு மெலியும் என்பதை மறக்காதீர்கள்: 16 என்றால் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், 22 என்றால் முக்கால் மில்லிமீட்டர்கூட வராது. உள்பக்கம் சுரண்டியபோது மஞ்சள் பெயிண்டில் 'ரோட்டா' என்று எழுத்து தெரிந்தது. ஏதோ ஓட்டல் போர்டு! என் பையன் விழுந்து விழுந்து சிரித்தான். மூன்றடிக்கு ஒன்றரை அடி கதவு, 16 கேஜில் மேல்தகடு மட்டுமே 5 கிலோவைத் தாண்ட வேண்டும். சட்டத்தை அறுத்துவிட்டுத் தகட்டை மளிகைக்கடைத் தராசில் போட்டோம். 2 கிலோ 300.

தகட்டோடு போய் நின்றேன். "மூட்டைய சாய்ச்சு ஏத்தினா எந்தக் கதவு சார் நிக்கும்?" என்றார். சரி, என் பழைய கதவையாவது கொடுங்கள் என்றேன்.

"அதக் காயலான் கடைக்குப் போட்டாச்சே சார். துருப்புடிச்சதுதானே."

அந்த இடத்தில் எனக்குப் பேச்சு வரவில்லை.

பிறகு டிராக்டர் டிரெய்லர் செய்கிற ஒரு பெரியவரிடம் போனேன். அவர் முதலில் வளைந்த தூணை நிமிர்த்தினார். அப்புறம் அட்டைப்பெட்டியை வெட்டி வாசலில் வைத்து வைத்துப் பார்த்தார், அதற்கே ஒரு முற்பகல் போனது. கொக்கி வரும் இடத்தில் உள்ளே 3 மில்லிமீட்டர் பிளேட் கொடுத்தார். கீல்கள் எல்லாவற்றிலும் ஒரே கம்பியைக் கோத்து, நேர்கோட்டில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே வெல்டு வைத்தார். அதுவும் ஒரே இழுப்பாக இல்லை. இங்கே ஒரு அங்குலம், அங்கே ஒரு அங்குலம், ஆறவிட்டு ஆறவிட்டு. ஒரேயடியாக ஓட்டினால் சூட்டில் தகடு அப்பளமாக நெளிந்துவிடும் என்றார். கீழ்மடிப்பில் தண்ணீர் வடிய இரண்டு ஓட்டை. எல்லாம் முடிந்ததும் "பெயிண்ட் அடிக்கப் போறேன், வந்து பாத்துட்டுப் போங்க தம்பி" என்று அவரே கூப்பிட்டார். வெறும் இரும்பாக, வெல்டு தடம் தெரிய அது நின்றதைப் பார்த்தபோதுதான், முதல் பட்டறையில் நான் பார்க்காமல் விட்டது என்ன என்று உறைத்தது. அங்கே ஐந்து வாரத்தில் ஒரு தடவைகூட, வேலை நடக்கும்போது எட்டிப் பார்க்கவில்லை.

காலண்டர் தாள், பணம் அனுப்பிய ரசீது, தகட்டின் போட்டோ எல்லாம் சேர்த்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயார் செய்கிறேன். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. பணம் வருகிறதோ இல்லையோ, கொடுக்கத்தான் போகிறேன்.

இன்னொன்று. அந்தக் கதவு காயலான் கடைக்குத்தான் போனது என்று நான் நம்பவில்லை. அடிப்பாகத்தை ஒட்டுப் போட்டு வேறு ஏதோ வண்டியில் மாட்டியிருப்பார்கள். உள்பக்கம், மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே, அப்பா உளியால் 86 என்று கொத்தியிருப்பார். 6 கொஞ்சம் சாய்ந்திருக்கும். பச்சைப் பெயிண்டுக்கு அடியில் இருந்தது, இப்போது என்ன நிறமோ. எங்கேயாவது கண்ணில் பட்டால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சண்டைக்கெல்லாம் வர மாட்டேன், விலை கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.