தெரியாத சொல் வந்தால் உடனே அகராதியா, முதலில் ஊகமா?

பல வருடம் நான் அகராதிக் கட்சி. தெரியாத சொல் வந்தால் அங்கேயே நிறுத்திப் பொருள் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரி. இப்போது மாறிவிட்டேன்: முன்னும் பின்னும் உள்ள வரிகளை வைத்து ஊகிக்கிறேன், ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி, அத்தியாயம் முடிந்த பிறகுதான் அகராதி.

அடிக்கடி நிறுத்தினால் கதையின் ஓட்டம் போய்விடும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. நான் மாறியதற்குக் காரணம் வேறு. தேடிப் பார்த்த சொல் மனதில் தங்கவில்லை. போனில் தொட்டவுடன் பொருள் வந்துவிடும், அடுத்த வாரம் அதே சொல் வந்தால் மறுபடி தொட வேண்டியிருக்கும். ஊகித்த சொல்லோடு கொஞ்சமாவது மல்லுக்கட்டியிருப்போம் இல்லையா, அதனால் அது தங்குகிறது, தப்பாக ஊகித்தது இன்னும் அழுத்தமாகத் தங்குகிறது. 'இறும்பூது எய்தினார்' என்று படித்தபோது இறுமாப்பு போல ஒலித்ததால் பெருமைப்பட்டார் என்று எடுத்துக்கொண்டேன், அந்த வரியும் அதற்கு இடம் கொடுத்தது. அப்புறம் பார்த்தால் வியப்பு! அந்தச் சொல்லை இனி மறக்க மாட்டேன்.

அகராதி பொருள்களை அடுக்கும், இந்த வரிக்கு எது என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். துஞ்சு என்றால் தூங்கு என்றும் இருக்கும், இற என்றும் இருக்கும். புறநானூற்றில் வரும் 'குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன்' அங்கே உறங்கியவன் அல்ல, இறந்தவன். ஒரே பெயருள்ள மன்னர்களைப் பிரித்துக்காட்ட இறந்த இடத்தைச் சேர்த்துச் சொன்னார்கள். அதோடு தமிழில் சொல் விகுதியோடு வரும். 'மாண்டனர்' என்பதற்குப் பொருள் தேட 'மாள்' என்ற வேர் வரை போக வேண்டும், அதுவே பாதி ஊகம்தான்.

ஆனால் ஊகம் கைவிடும் இடம் ஒன்று உண்டு, தெரிந்தது போலவே இருக்கும் பழைய சொல். திருக்குறளில் சூது அதிகாரத்தில் வரும் கழகம் சூதாடும் இடம். இங்கே சந்தேகமே வராது, அதனால் ஊகிக்கவும் தோன்றாது. பழைய இலக்கியம் என்றால் உரையோ தமிழ்ப் பேரகராதியோ பக்கத்தில் இருக்கட்டும். மருந்துக் குறிப்பு, ஒப்பந்தம் போன்றவற்றில் ஊகமே வேண்டாம். துறை நூல்களில் இந்த முறையை நான் அதிகம் முயன்றதில்லை, அங்கே எவ்வளவு எடுபடும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

புது மொழி கற்பவர்களுக்கும் நிலைமை வேறு. ஆங்கிலம் கற்பவர்களை வைத்து ஹூ, நேஷன் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு கதையைத் துணையில்லாமல் நன்றாகப் புரிந்துகொள்ள 100-க்கு 98 சொல் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. 50 சொல்லுக்கு ஒன்றுதான் தெரியாமல் இருக்கலாம். அதைவிட அதிகமாகத் தடுக்கினால் ஊகிக்கப் பிடிமானமே இருக்காது, அப்போது அகராதியோடு படிக்கலாம், அல்லது எளிய புத்தகத்துக்குப் போகலாம்.

புள்ளி வைத்த எல்லாவற்றையும் நான் தேடுவதில்லை. திரும்பத் திரும்ப வந்த இரண்டு மூன்று சொல்லை மட்டும் பார்த்து, என் ஊகத்தையும் சரியான பொருளையும் ஓரத்திலேயே எழுதி வைக்கிறேன்.