மேற்கு எந்தப் பக்கம்? வியாழன் செயலியோடு மூன்று வருடம்

தொண்டி நண்பர் நேற்று போன் செய்தார். நான் வைத்திருக்கும் வியாழன் நிலா செயலி இப்போது பாதி விலைக்கு வந்திருக்கிறதாம், வாங்கலாமா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்ததில் இவ்வளவு வந்தது.

என்னிடம் இருப்பது நாலரை அங்குல நியூட்டோனியன், அதாவது குழிக்கண்ணாடி வைத்த தொலைநோக்கி. பார்க்கும் இடம் மண்டபம், தென்கடல் மணல். வியாழனின் நான்கு பெரிய நிலாக்களுக்கும் இது தாராளம். ஆனால் நான்கும் கண்ணுக்கு வெறும் புள்ளிகள். எது அயோ, எது யூரோப்பா, எது கானிமீடு, எது காலிஸ்டோ என்று சொல்லத்தான் செயலி.

எரிச்சல் ஒன்றே ஒன்று. நிலாக்களை அது எப்போதும் இடம் வலமாகப் படுக்கவைத்தே காட்டும். நம் கடற்கரை 9 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. வியாழன் கடலுக்கு மேல் எழும்போது இங்கே அந்த வரிசை ஏறக்குறைய நெட்டுக்குத்தாக நிற்கும். மேலே ஏறி உச்சிக்கு வந்தால்தான் படுக்கும். அதிலும் 2026 ஜனவரியில் மிதுனத்தில் இருந்த வியாழன் நமக்கு உச்சிக்கு வடக்கே போனது. வடக்கு பார்த்து நின்றால் கிழக்கு வலக்கைப் பக்கம் வந்துவிடும். செயலியோ தெற்கு பார்த்து நிற்பவருக்கே படம் போடுகிறது. போதாததற்கு நியூட்டோனியன் தலைகீழாகக் காட்டும். திருப்பிப் போட ஒரு பொத்தான் உண்டு, ஒவ்வொரு அப்டேட்டுக்கும் அது பழையபடி மாறிவிடும். அப்படி மாறியது தெரியாமல் இரண்டு வாரம் கானிமீடை காலிஸ்டோ என்றும் காலிஸ்டோவை கானிமீடு என்றும் நோட்டில் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கங்களை அடித்துவிட்டு எழுதியபோது வந்த கோபம் இன்னும் போகவில்லை.

படகுக்காரர் மாமா ஒருநாள் குனிந்து பார்த்துவிட்டு, "இதுல கொண்டல் பக்கம் எது மாப்ள?" என்றார். கையில் போன் இருந்தும் பதில் சொல்ல முடியவில்லை. அவருக்கு இடம் வலம் கிடையாது, கொண்டலும் கச்சானும்தான், அதாவது கிழக்குக் காற்றும் மேற்குக் காற்றும். அந்தக் கேள்விதான் வழி காட்டியது. குழாயைத் தொடாமல் விட்டுவிடுங்கள். வியாழன் மெல்ல நகர்ந்து எந்த ஓரமாக வெளியேறுகிறதோ அது மேற்கு, கச்சான் பக்கம். தலைகீழோ நெட்டுக்குத்தோ, இது தப்பாது. பிறகு செயலியில் மேற்கே யார், கிழக்கே யார் என்று மட்டும் பார்த்தால் போதும்.

இனி நியாயத்தையும் சொல்ல வேண்டும். நேரக் கணக்கில் இந்தச் செயலியை நான் குறை சொல்லவே மாட்டேன். ஜனவரி 10 எதிர்நிலை, அதாவது வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே நின்ற நாள், கழிந்த பிறகு வியாழனின் நிழல் நமக்குக் கிழக்கே சாய்ந்து தெரியும். ஒரு பிப்ரவரி இரவு மூன்று புள்ளிகள்தான் இருந்தன, நான்காவது அந்த நிழலுக்குள். செயலி சொன்ன நிமிடத்தில், வியாழனின் விளிம்பை ஒட்டி அல்ல, கொஞ்சம் தள்ளி, வெறும் இருட்டில், ஒரு பொட்டு. இருக்கிறதா இல்லையா என்று கண் தடுமாறியது. மூன்று நான்கு நிமிடத்தில் முழு வெளிச்சத்தோடு அயோ! வாடைக்காற்றில் விரல் விறைத்திருந்தது, கண்ணை எடுக்கவில்லை. இதே அயோவின் கிரகணங்கள் பூமி நெருங்கும்போது முந்தியும் விலகும்போது பிந்தியும் வருவதைப் பார்த்துத்தான் 1676இல் டென்மார்க் வானியலாளர் ரோமர், ஒளிக்கும் பயண நேரம் உண்டு என்று சொன்னார். அந்தத் தாமதத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் செயலி நிமிடம் சொல்கிறது.

இருந்தாலும் நண்பரே, வாங்காதீர்கள். பாதி விலைக்கும் வேண்டாம். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஸ்டெல்லேரியம் என்ற வானம் காட்டும் மென்பொருள் இலவசம். தொண்டி என்று ஊரைக் கொடுத்தால் அடிவானத்தோடு வானம் நிற்கிறபடியே காட்டும், நெட் வேண்டாம். கண்ட்ரோல், ஷிப்ட், ஹெச் அழுத்தினால் இடம் வலம் மாறும். ஹெச்சுக்குப் பதில் வி அழுத்தினால் மேல் கீழ் மாறும். லேப்டாப்பை உப்புக்காற்றுக்குக் கொண்டுபோகாமல், பார்த்துத் தாளில் வரைந்துகொண்டு போங்கள்.

அயோ வெளியே வரும் நிமிடம் வேண்டுமென்றால் எனக்கு ஒரு போன் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.