பழைய ஆம்ப்ளிஃபையர் டிரான்ஸ்ஃபார்மரோடு ஆறு வருடம்

மாமா வீட்டுப் பரணில் கிடந்த ஆம்ப்ளிஃபையர் 2018-ல் என்னிடம் வந்து சேர்ந்தது. தொண்ணூறுகளில் டேப் ரெக்கார்டருக்காக உள்ளூர் மெக்கானிக் ஒருவர் கையால் அசெம்பிள் செய்து கொடுத்த பெட்டி. போர்டு கருகிப் போயிருந்தது. ஆனால் தூக்கும்போதே கை கனத்தது. அந்தக் கனம் உள்ளே இருந்த 12-0-12 (நடு ஒயரிலிருந்து இரண்டு பக்கமும் 12 வோல்ட்), 5 ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மர். அதைப் பழைய இரும்புக்குப் போட மனசு வரவில்லை. ரேடியோ ரிப்பேர் மேசைக்கு ஒரு பவர் சப்ளையாக மாற்றினேன். ஆறு வருடம் ஓடிவிட்டது, இன்றைக்கும் ஓடுகிறது.

நேராக பிளக்கில் செருகவில்லை. 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டுத்தான் முதலில் கரண்ட் கொடுத்தேன். பல்பு ஒரு கணம் மின்னி அடங்கினால் நல்லது. பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட். எனக்கு அடங்கியது. பழைய ஒயரை வீசிவிட்டு மூன்று பின் ஒயர் போட்டு, பெட்டியின் தகரத்தை எர்த்தோடு இணைத்தேன். பிரைமரியில், அதாவது வீட்டுக் கரண்ட் நுழையும் பக்கத்தில், 1 ஆம்ப் ஸ்லோ புளோ (சற்றுப் பொறுத்து அறுகிற) ஃபியூஸ். கெப்பாசிட்டர்களின் குறுக்கே ஆளுக்கொரு ரெசிஸ்டர் போட்டேன், அணைத்த பிறகு சார்ஜ் தங்காமல் தானாக இறங்கிவிடும். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் பண்ணி இறக்கும் பழக்கம் பலருக்கு உண்டு, அது வேண்டவே வேண்டாம்.

5 ஆம்ப் என்று எழுதியிருந்தாலும் அது ஏசி கணக்கு. அதை டிசியாக்க டயோடு பிரிட்ஜும் கெப்பாசிட்டரும் போட்ட பிறகு, தொடர்ந்து எடுக்க 3 ஆம்ப்தான் நியாயம். நான் ஒன்றரை ஆம்புக்கு மேல் போனதில்லை. மணிக்கணக்கில் ஓடினாலும் டிரான்ஸ்ஃபார்மர் வெதுவெதுப்போடு நிற்கிறது.

நடு ஒயரைத் தரையாக (0 வோல்ட்டாக) வைத்தால் பிளஸ், மைனஸ் இரண்டு பக்கமும் சுமார் 16 வோல்ட் கிடைக்கும். வோல்டேஜை நிலையாகப் பிடித்து வைக்க ரெகுலேட்டர் ஐசிகள்: பிளஸ் பக்கம் கூட்டிக் குறைக்கும் எல்எம் 317, மைனஸ் பக்கம் அதேபோல எல்எம் 337, ரேடியோக்களுக்காகத் தனியாக 12 வோல்ட் தரும் ஒரு 7812. ஹீட் சிங்க்கும் அதே ஆம்ப்ளிஃபையரில் இருந்த அலுமினியம்தான். 16-லிருந்து 5 வோல்ட் எடுத்து 1 ஆம்ப் ஓட்டினால் 11 வாட் வெறும் சூடாகப் போகிறது. அந்தப் பெரிய அலுமினியம் இல்லையென்றால் ஐசி சீக்கிரமே கைவிட்டுவிடும்.

நான் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க ஒரே காரணம் அதன் அமைதி. எஸ்எம்பிஎஸ் அடாப்டரில் (கனமான டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் வேகமான ஸ்விட்சிங்கில் ஓடும் இந்தக் கால வகை) மீடியம் வேவ் ரேடியோவை மாட்டினால், திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸைப் பிடிப்பதற்குள் இரைச்சல் காதைக் கிழிக்கும். இதில் மாட்டினால் நிலையம் மட்டும்தான் கேட்கும். ரேடியோவில் கோளாறா, சப்ளையில் கோளாறா என்ற சந்தேகமே எழாது. ரிப்பேர் பார்ப்பவனுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

சரி, தொல்லைகளையும் சொல்லியாக வேண்டும். சிக்கனத்துக்காகப் பழைய 4700 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர்களையே விட்டு வைத்தது என் தப்பு. நாலாவது வருடம் 12 வோல்ட்டில் லோடு கூடினால் “ம்ம்ம்” என்று ஹம் எழுந்தது. 4700 முழுசாக இருந்தாலே 1 ஆம்ப் லோடில் ரிப்பிள் (டிசியில் மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கம்) 2 வோல்ட்டைத் தொடும். வற்றிப்போனதில் இன்னும் அதிகம். 7812-க்கு உள்ளே குறைந்தது 14 வோல்ட் வேண்டும், ரிப்பிளின் பள்ளம் அதற்குக் கீழே இறங்கியதும் ஹம் அப்படியே வெளியே வந்துவிட்டது. பக்கத்துக்கு இரண்டு புது கெப்பாசிட்டர் போட்டதும் போச்சு. இப்போது யார் கேட்டாலும், டிரான்ஸ்ஃபார்மரை வைத்துக்கொள், அதற்கு அப்புறம் உள்ள எல்லாவற்றையும் புதுசாகப் போடு என்றுதான் சொல்கிறேன்.

சாயங்காலம் வீட்டுக் கரண்ட் லைன் 190 வோல்ட்டுக்கு இறங்கும் நாட்களில் அதே ஹம் திரும்பி வரும். லைன் குறைந்தால் இங்கும் அதே விகிதத்தில் குறையும், அதற்கு இந்தப் பெட்டிக்குள் மருந்து கிடையாது. அந்த நேரத்தில் 9 வோல்ட்டுக்குள் முடிகிற வேலைகளைத்தான் எடுக்கிறேன்.

மனசு கஷ்டப்பட்டது வால்யூம் பாட் (திருகிக் கூட்டிக் குறைக்கும் ரெசிஸ்டர்) விஷயத்தில். வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கப் பழைய ஆம்ப்ளிஃபையரின் பாட்டையே எல்எம் 317-க்கு மாட்டியிருந்தேன். உள்ளே கரி தேய்ந்து ஒருநாள் தொடர்பு விட்டுவிட்டது. அட்ஜஸ்ட் காலுக்கும் தரைக்கும் நடுவே தொடர்பு அறுந்தால், உள்ளே வரும் வோல்டேஜ் ஏறக்குறைய அப்படியே வெளியே பாயும். 6 வோல்ட்டில் பாடிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுத் தாத்தாவின் ரேடியோவுக்கு 14 வோல்ட் போய், அவுட்புட் ஐசி போய்விட்டது. வேறு ஐசி தேடிப் போட்டுக் கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் இரண்டு நாள் தூக்கமில்லை. அன்றிலிருந்து அடுத்தவர் ரேடியோ என்றால் 7806 போட்ட, 6 வோல்ட்டை மாறாமல் தரும் நிலையான முனைதான். கூட்டிக் குறைக்கும் முனை என் சொந்தச் சோதனைகளுக்கு மட்டும், அதற்கும் கரிக்குப் பதில் கம்பி சுற்றிய புது ஒயர்வவுண்டு பாட்.

போன மாதம் இன்னொரு பெட்டி கிடைத்தது, உள்ளே 24-0-24. லோடு இல்லாதபோது அது 35 வோல்ட்டைத் தாண்டுகிறது, 7812 தாங்கும் எல்லையே 35 தான். அதனால் அதை மேசைக்குக் கொண்டுவரவில்லை. புது போர்டு வாங்கி மறுபடி ஆம்ப்ளிஃபையராகவே கட்டிக்கொண்டிருக்கிறேன்.