லடாக் குபானியா, துருக்கி ஆப்ரிகாட்டா?

டெல்லி காரி பாவ்லி சந்தைக்கு உலர்பழம் வாங்கப் போகும் நம் ஊர்க்காரர்கள் கேட்பது இதுதான்: ஆப்ரிகாட்டில் (இந்தியில் குபானி) பழுப்பு நிற லடாக் பழமா, ஆரஞ்சு நிறத் துருக்கிப் பழமா? நிறத்தில் மயங்க வேண்டாம். விளைந்த மண்ணையும் உலர்த்திய விதத்தையும் பார்க்கணும்.

விளைச்சல்
லடாக்: ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரம். பகலில் சுள்ளென்ற வெயில், இரவில் குளிர். குளிரில், சர்க்கரையைச் செலவழிக்கும் பழத்தின் சுவாசம் மந்தமாகும். பகலில் சேர்ந்த சர்க்கரை கரையாமல் தங்கும். தேன்போல் இனிக்க இதுவும் ஒரு காரணம். வெள்ளைக் கொட்டையுள்ள ‘ரக்த்சே கார்போ’ ரகம் 2022-ல் புவிசார் குறியீடு பெற்றது.
துருக்கி: பெரும்பாலும் மலாத்யா வட்டாரம். வறண்ட கோடை.

சத்து
ஆரஞ்சு நிற ஆப்ரிகாட்டுக்குக் கந்தகப் புகை காட்டுவார்கள். அதனால் பீட்டா கரோட்டின் (உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் நிறமி) ஓரளவு காப்பாற்றப்படும். ஆனால் வைட்டமின் பி1 பெருமளவு அழிந்துபோகும். வெறும் வெயிலில் காய்ந்த பழுப்புப் பழத்தில் கரோட்டினும் வைட்டமின் சி-யும் கூடுதலாகக் குறையும். பொட்டாசியமும் நார்ச்சத்தும் இரண்டு வகைப் பழத்திலுமே தாராளம். மரத்திலேயே நன்றாகப் பழுத்ததா என்பதும் முக்கியம்; பழுக்கப் பழுக்கத்தான் கரோட்டின் ஏறும்.

இருப்பு
ஆரஞ்சு: மாதக்கணக்கில் மெத்தென்று இருக்கும்.
பழுப்பு: இறுகும். இரவு ஊறவைத்தால் போதும்.

வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் கந்தகப் புகை காட்டாத லடாக் பழம். கந்தகம் சிலருக்கு மூச்சிரைப்பைத் தூண்டும். பொட்டலத்தில் ‘சல்பர் டை ஆக்சைடு’ இருக்கிறதா என்று கட்டாயம் படியுங்கள். கேக்கில் நிறம் வேண்டுமென்றால் துருக்கிப் பழம். பாயசத்துக்கு என் கை போவது லடாக் பக்கம்தான், சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கலாம்.