வென்ட்டா, ஹேட் கானா?

ஆங்கிலத்தில் நடந்ததை நடந்த வரிசையிலேயே சொன்னால் சிம்பிள் பாஸ்ட் (வென்ட், லெஃப்ட் போன்ற சாதாரண இறந்தகாலம்) போதும்: ‘ஐ வோக் அப், ட்ரேங்க் காபி அண்ட் லெஃப்ட்.’ வரிசை மாறும்போதுதான் பாஸ்ட் பெர்ஃபெக்டுக்கு (ஹேட் கான், ஹேட் லெஃப்ட் என ‘ஹேட்’ சேர்ந்து வருவது) வேலை.

‘வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெயின் லெஃப்ட்’ என்றால் நாம் போய்ச் சேர்ந்ததும் ரயில் கிளம்பியது. ஓடியிருந்தால் ஒருவேளை ஏறியிருக்கலாம். ‘ஹேட் லெஃப்ட்’ என்றால் அது முன்பே போய்விட்டது, ஓடிப் பயனில்லை. ஆஃப்டர், பிஃபோர் வந்தால் வரிசை அதிலேயே தெரிந்துவிடும்; ஹேட் இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

நம்மவர்கள் சறுக்கும் இடம் வேறு. ‘நேற்று மதுரை போயிருந்தேன்’ என்று பழகிய வாயில் ‘ஐ ஹேட் கான் டு மதுரை யெஸ்டர்டே’ தானாக வந்துவிடும். அதற்கு அப்புறம் நடந்த இன்னொன்றைச் சொல்லப்போவதில்லை என்றால், வென்ட் போதும்.