70,000 அடி உயரத்து மருத்துவ சேவை: ஐந்துக்கு மூன்று

நான் அனஸ்தீசியா டெக்னீஷியன். ஆக்சிஜன், மாஸ்க், டியூப், சிலிண்டர் இவற்றோடுதான் என் பொழுது போகிறது. யூ-2 உளவு விமானிகளை அமெரிக்கர்கள் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பதை, சி.ஐ.ஏ. ரகசியம் நீக்கி வெளியிட்ட வரலாற்றில் படித்தபோது, சக தொழிலாளி ஒருவரின் வேலையைப் பார்க்கிற கண்ணோடுதான் படித்தேன். ஆஸ்பத்திரிக்கு ரிவ்யூ எழுதுகிறோம், அந்த சேவைக்கும் ஒன்று எழுதவேண்டும் என்று தோன்றியது.

முதலில் நோயாளியின் நிலை. 63,000 அடிக்கு மேலே போனால், நம் உடல் சூட்டிலேயே தண்ணீர் கொதிக்கும் அளவுக்குக் காற்றழுத்தம் குறைந்துவிடும். யூ-2 பறப்பது 70,000 அடியில். எடை குறையவேண்டும் என்பதற்காக விமானத்தை அவ்வளவு மெலிதாகக் கட்டியதால், கேபினுக்குள் அதிக அழுத்தம் வைக்க முடியவில்லை. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு 28,000, 29,000 அடி உயரத்தின் அழுத்தம்தான் கிடைக்கும். எவரெஸ்ட் உச்சியில் எட்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்துகொண்டு, கூடவே விமானமும் ஓட்டவேண்டும். ஆரோக்கியமான ஆளைத்தான் அனுப்புகிறார்கள். ஆனால் கிளம்பிய நிமிடத்திலிருந்து அவர் நம் ஐ.சி.யூ. நோயாளி மாதிரிதான், ஒரு குழாய் கழன்றால் உயிருக்கு ஆபத்து.

ஆள் தேர்வில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நியூ மெக்சிகோ மாநிலம் ஆல்புகர்க்கியில் இருந்த லவ்லேஸ் கிளினிக்கில் தலை முதல் கால் வரை சோதித்துத்தான் எடுத்தார்கள். 1959-இல் அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரர்களான மெர்க்குரி திட்டத்து ஆட்களையும் அங்கேதான் சோதித்தார்கள். உளவு விமானிகள் அவர்களுக்கு முன்பே அந்த வாசலை ஏறி இறங்கிவிட்டார்கள், வெளியே யாருக்கும் தெரியாமல்.

இந்த சேவையில் என் மனதை முழுதாகக் கவர்ந்தவர்கள் உடை மாட்டிவிடும் டெக்னீஷியன்கள். கலிபோர்னியாவின் பீல் விமானப்படைத் தளத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. பிரஷர் சூட்டை, அதாவது காற்றழுத்தம் குறைந்தால் உடம்புக்கு அழுத்தம் கொடுக்கும் உடையை, விமானி தானாக மாட்டிக்கொள்ள முடியாது. இரண்டு பேர் சேர்ந்து மாட்டி, கையுறையை வளையத்தில் பூட்டி, ஹெல்மெட்டைப் பொருத்தி, உடையை ஊதவைத்துக் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து சுத்த ஆக்சிஜன் கொடுப்பார்கள். வியர்த்துப் போகாமலிருக்கக் கையில் தூக்கிப் போகிற குளிர்பெட்டி ஒன்றை உடையோடு இணைத்து வண்டியில் ஏற்றுவார்கள். காக்பிட்டில் ஒவ்வொரு குழாயையும் பெல்ட்டையும் மாட்டிவிடுவதும் அவர்கள்தான். புகழெல்லாம் விமானிக்குப் போகும். ஆனால் அந்தக் குழாய் சரியாகப் பூட்டியிருக்கிறது என்று கடைசியாக விரலால் தொட்டுப் பார்த்தவர் தரையிலேயே நின்றுவிடுவார். அவர் பெயர் எந்தச் செய்தியிலும் வராது. எங்கள் வேலையும் அப்படித்தான் என்பதால் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

ஆக்சிஜன் விஷயம் எனக்குத் தெரிந்த பாஷை. மயக்க மருந்து கொடுக்குமுன் நாங்கள் மூன்று நிமிடம் நூறு சதவீத ஆக்சிஜன் கொடுப்போம், நுரையீரலில் இருக்கும் நைட்ரஜனை வெளியேற்ற. தாடி இருந்தால் மாஸ்க் ஓரத்தில் கசியும்; கையால் அழுத்திப் பிடிக்கவேண்டும். யூ-2 விமானிக்கு நுரையீரல் மட்டும் போதாது. ரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்திருக்கும் நைட்ரஜனும் வெளியேறவேண்டும். இல்லாவிட்டால் மேலே போனதும் அது குமிழாகி மூட்டிலும் மூளையிலும் போய் உட்காரும். ஆரம்ப காலத்தில் புறப்பாட்டுக்கு 90 நிமிடம் முன்பே ஆக்சிஜன் தொடங்கிவிடவேண்டும் என்பது விதி. இடையில் ஹெல்மெட்டைத் திறந்தால் வெளியேறிய நைட்ரஜன் திரும்ப உள்ளே வரும். மூக்கு அரித்தாலும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

சிறுநீர் விஷயத்தில் ஆரம்ப சேவை மோசம். முதல் மாடல் உடையில் அதற்கு வழியே இல்லை. அடுத்த மாடலுக்கு, உடை மாட்டுமுன் கதீட்டர், அதாவது உடலுக்குள் செருகும் சிறுநீர்க் குழாய், போட்டார்கள். விழித்திருக்கும் ஆளுக்குக் கதீட்டர் போட்டுப் பல மணி நேரம் உட்காரவைத்தால் என்ன பாடு என்று வார்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். 1955 இலையுதிர்காலத்துக்குள் உடலுக்கு வெளியே பொருத்தும் பை வந்தது, நல்லவேளை. ஆனாலும் எட்டு மணி நேரப் பறப்பில் ஒரு விமானி 3 முதல் 6 பவுண்டு எடை இழந்தார், பெரும்பகுதி நீர்தான்.

இனி, என்னால் மன்னிக்க முடியாத ஒன்று. பிடிபட்டால் பயன்படுத்த, விருப்பப்பட்ட விமானிகளுக்கு சயனைடு ஆம்பியூல் (சின்னக் கண்ணாடிக் குப்பி) கொடுத்தார்கள். 1956 டிசம்பரில் பல்கேரியாவின் மேல் பறந்துகொண்டிருந்த ஒருவர், எலுமிச்சை மிட்டாய் என்று நினைத்து அதை எடுத்து வாயில் போட்டுவிட்டார். சப்பினால் சுவையே இல்லை. வெளியே எடுத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. பல்லால் ஒரு கடி கடித்திருந்தால் அத்தோடு முடிந்தது. ஆம்பியூலைச் சின்னப் பெட்டியில் போட்டுக் கொடுக்கும் வழக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. மிட்டாயும் விஷமும் பக்கத்தில் பக்கத்தில், தடித்த கையுறை போட்ட விரல்களுக்கு! ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஆம்பியூலை ஒரே தட்டில் வைக்க நான் யாரையும் விடமாட்டேன். இது விமானியின் கவனக்குறைவே இல்லை, கொடுத்தவர்களின் பிழை.

உடையின் தரத்துக்கு ஒரே ஒரு சாட்சி போதும். 1966 ஜனவரி 25. எஸ்.ஆர்.-71 என்கிற இன்னொரு உளவு விமானத்தின் சோதனை விமானி பில் வீவர், ஒலியைவிட மூன்று மடங்குக்கு மேல் வேகத்தில், 78,000 அடிக்கு மேலே போய்க்கொண்டிருந்தபோது விமானம் அவரைச் சுற்றித் துண்டு துண்டாகப் போனது. அவர் குதிக்கவே இல்லை. இருக்கை விமானத்தோடு போய்விட்டது. நினைவு திரும்பியபோது முகக்கண்ணாடி முழுக்க உறைபனி. உடை தானாக ஊதிக்கொண்டு அவரைக் காப்பாற்றியிருந்தது. நியூ மெக்சிகோவின் ஒரு பண்ணையில் உயிரோடு இறங்கினார். பிறகு பார்த்தால் இரண்டு ஆக்சிஜன் குழாய்களில் ஒன்று கழன்றே போயிருந்தது, மற்றது ஒட்டிக்கொண்டு இருந்தது. இரண்டாவது குழாய் எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். கூடப் பறந்த ஜிம் ஸ்வேயர் கழுத்து முறிந்து இறந்துவிட்டார். அதற்கு எந்த உடையாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

இவ்வளவு நல்ல உடை, இவ்வளவு நல்ல ஆட்கள். பிறகு ஏன் மூன்றே நட்சத்திரம்? கேபினுக்காகத்தான். ஆக்சிஜன் கொடுத்தும் குமிழ்கள் முழுதாக நிற்கவில்லை. பெயர் வெளியிடாமல் கேட்டு 1996-இல் வெளியான ஓர் ஆய்வில், பதில் சொன்ன யூ-2 விமானிகளில் முக்கால்வாசிப் பேர் பறக்கும்போதே மூட்டு வலி முதலான அறிகுறிகள் வந்ததாகச் சொன்னார்கள். பெயர் கேட்டிருந்தால் அத்தனை பேரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். வலிக்கிறது என்று டாக்டரிடம் சொன்னால் பறக்கும் வேலை போகும் என்கிற இடத்தில் எந்த நோயாளியும் உண்மை சொல்வதில்லை. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் பறக்கும் நேரமும் தடவைகளும் கூடியபோது வலி மூட்டிலிருந்து தலைக்கு ஏறியது. 2013-இல் வந்த எம்.ஆர்.ஐ. ஆய்வில் 102 யூ-2 விமானிகளின் மூளையை மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். மூளையின் நரம்பிழைகள் ஓடும் வெண்பொருளில் பாதிப்புப் புள்ளிகள் எண்ணிக்கையில் ஏறத்தாழ மூன்று மடங்கு, கனஅளவில் ஏறத்தாழ நான்கு மடங்கு. வயதாவதால் வருவதுபோல முன்பக்கம் மட்டுமில்லை, மூளை முழுக்கப் பரவியிருந்தது.

மருந்து என்ன? கேபினின் உடம்பைப் பலப்படுத்தி, உள்ளே அழுத்தத்தைக் கூட்டி, 29,000 அடியை 15,000 அடிக்கு இறக்கினார்கள். இது 2012, 2013 வாக்கில் நடந்தது. விமானம் முதலில் பறந்தது 1955-இல்! நடுவில் அரை நூற்றாண்டுக்கு மேல், அறையை விட்டுவிட்டு ஆளை மட்டும் தயார்படுத்திக்கொண்டே இருந்திருக்கிறார்கள். விமானி திரும்பி வந்தாரா, படம் கிடைத்ததா என்பதோடு கணக்கை முடித்துக்கொண்டார்கள்.

சாப்பாடு எப்படி என்று கேட்பவர்களுக்கு: பற்பசை டியூப் மாதிரி ஒன்றில் வரும்; ஹெல்மெட்டில் இருக்கும் சின்னத் துளை வழியாகக் குழலைச் செருகிப் பிதுக்கிச் சாப்பிடவேண்டும். காக்பிட்டிலேயே சூடுபடுத்திக்கொள்ளலாம். கோழிக்கறி, பீச் பழம் எல்லாம் உண்டு. தூக்கத்தை விரட்டக் காஃபின் கலந்த சாக்லேட் புட்டிங் கூட. இந்தப் பகுதிக்கு முழு மதிப்பெண்.

கழித்த இரண்டு நட்சத்திரமும் கேபினுக்காகத்தான். அதைச் சரிசெய்யுமுன் பறந்து ஓய்வு பெற்றவர்கள் இப்போது வயதாகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரையும் வருஷா வருஷம் கூப்பிட்டு, எம்.ஆர்.ஐ. எடுத்து, ஞாபகசக்தியைச் சோதித்து, கடைசிவரை பார்த்துக்கொள்ளவேண்டும். அதையும் இந்த சேவையின் பகுதியாகத்தான் நான் கணக்கில் வைக்கிறேன்.