கும்பினி ஆட்சியைக் கண்ணால் பார்க்க: புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம்

கும்பினி என்று நம் மக்கள் சொன்ன ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி பங்குதாரர்களுக்கு லாபம் பிரித்துக் கொடுத்த வணிக நிறுவனம். அதுவே நாணயம் அடித்தது, வரி வாங்கியது, நீதிமன்றம் நடத்தியது, போர் தொடுத்தது. இத்தனைக்கும் சான்றுகளை ஒரே கட்டடத்தில் பார்க்க வேண்டுமென்றால் சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்துக்கு நிகரான இடம் தமிழ்நாட்டில் வேறில்லை. ஆனால், ஆயுதம் ஒரு பக்கம், நாணயம் ஒரு பக்கம், ஓவியம் ஒரு பக்கம் என்று பொருள்வாரியாக அடுக்கியிருப்பதால், வாசலிலிருந்து வரிசையாக நடப்பவருக்கு அந்த நிறுவனம் எப்படி அரசாக மாறியது என்பது பிடிபடாது. அதனால் வரிசையை நாமே மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதலில் போகும் வழி. கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். நுழைவு ராஜாஜி சாலைப் பக்கம். தலைமைச் செயலகமும் ராணுவ அலுவலகங்களும் உள்ளே இருப்பதால் சோதனை உண்டு; அடையாள அட்டையும் சிறிய பையும் போதும். காலை 9 முதல் மாலை 5 வரை திறந்திருக்கும், வெள்ளிக்கிழமை விடுமுறை. செயலகக் கூட்டமும் ஞாயிறு ஆராதனையும் இல்லாத சனிக்கிழமைதான் தேவாலயத்தையும் சேர்த்துப் பார்க்கத் தோதான நாள். இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

கட்டடமே முதல் காட்சிப்பொருள். 1795-இல் கட்டி முடித்த இதில் மதராஸ் வங்கி இயங்கியது. மாடியிலுள்ள நீண்ட கூடம் வணிகர்கள் கூடிப் பேரம் பேசிய இடம். 1796 முதல் 1844 வரை நகரின் முதல் கலங்கரை விளக்கம் இதன் உச்சியில்தான், தேங்காய் எண்ணெயில் எரிந்தது.

நாணயங்களில் தொடங்குங்கள். 1639-இல் இப்பகுதியை ஆண்ட தாமர்ல வெங்கடப்ப நாயக்கர் தந்த அனுமதியிலேயே கோட்டை கட்டவும் நாணயம் அடிக்கவும் உரிமை இருந்தது. துறைமுக வரியில் பாதியும் கம்பெனிக்கு. மற்றதெல்லாம் இந்த மூன்றின் மேல் கட்டியதுதான். கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவை பேசத் தொடங்கும்: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன், ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதராஸில் அடித்த வெள்ளி அரை வராகனின் ஒரு பக்கம் நட்சத்திரங்கள் சூழ்ந்த கோபுரம், மறுபக்கம் திருமால். ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு என நான்கு மொழி எழுத்து. லண்டன் நிறுவனம் அடித்த காசை நம் சந்தையில் தயங்காமல் வாங்க வைக்க, மக்கள் நம்பும் உருவங்கள் தேவைப்பட்டன. இதைப் புரிந்துகொள்ளாமல் அந்தப் பெட்டியைக் கடந்து போவது பெரிய இழப்பு.

அடுத்து ஆயுதங்கள். இங்கே வாளையும் பீரங்கிக் குண்டையும்விடத் துப்பாக்கிகளின் முன்தான் அதிக நேரம் நிற்க வேண்டும். திரித் துப்பாக்கிக்கு எரியும் கயிறு வேண்டும், மழையில் அணைந்துவிடும். தீக்கல் துப்பாக்கியில் கல் எஃகில் உரசிப் பொறி பறக்கும், சுடுவது வேகமாகும். ஆனால் ஆயுதம் மட்டும் போதாது. 1746-இல் அடையாற்றங்கரையில் சில நூறு பேர் கொண்ட பிரெஞ்சுப் படை ஆற்காடு நவாபின் ஏறத்தாழ 10,000 பேரைச் சிதறடித்ததற்குக் காரணம் அணிவகுத்து மாறி மாறிச் சுடும் பயிற்சி. அதே ஆண்டு மதராஸையே பிரெஞ்சுக்காரரிடம் பறிகொடுத்திருந்த ஆங்கிலக் கம்பெனி அந்தப் பாடத்தை விடவில்லை. 1748-இல் வந்த ஆங்கிலப் படை அதிகாரி ஸ்டிரிங்கர் லாரன்ஸ் உள்ளூர்ச் சிப்பாய்களைப் பழக்கினார். மதராஸ் படை அப்படித்தான் உருவானது.

அந்தப் படை எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஒரு மரக்கூண்டு இருக்கிறது. மதராஸ் பீரங்கிப் படையின் கேப்டன் ஆன்ஸ்ட்ரதரை 1840-இல் பிரிட்டனுக்கும் சீனாவுக்கும் நடந்த அபினிப் போரின்போது சீனர்கள் அடைத்து வைத்த கூண்டு. வளர்ந்த ஆள் காலை நீட்டிப் படுக்க முடியாது. வங்காளத்து அபினி விற்பனையைக் கையில் வைத்திருந்த அதே கம்பெனியின் ஊழியர் அவர் என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பிறகு, மைசூரின் திப்பு சுல்தானைத் தோற்கடித்த கம்பெனியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸின் சிலை. தாமஸ் பேங்க்ஸ் செதுக்கியது. முகத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு நகராதீர்கள். குனிந்து பீடத்தைப் பாருங்கள். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்புவின் மகன்கள் இருவரைப் பிணையாக ஒப்படைக்கும் காட்சி அங்கே இருக்கிறது. திப்பு இழந்தது பாதி நாடும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயும். கம்பெனியின் பங்கில் திண்டுக்கல், சேலம், கிருஷ்ணகிரிப் பகுதிகள் வந்தன. குழந்தைகளைப் பிணையாகப் பெறுவது மன்னர்கள் செய்த காரியம். இங்கே பெற்றுக்கொண்டது ஒரு வணிக நிறுவனம்.

மாடியில் ஓவியக்கூடம். ஆளுநர் படங்களைப் பார்க்கும்போது 1858-ஐ எல்லைக்கோடாக வையுங்கள். அதற்கு முந்தியவர்கள் கம்பெனியிடம் சம்பளம் வாங்கியவர்கள். பிந்தியவர்கள் பிரிட்டிஷ் அரசிடம் வாங்கியவர்கள். உடையும் தோரணையும் ஒன்றுபோல் இருப்பதால் ஆண்டைப் பார்க்காவிட்டால் குழம்பும். 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய பட்டுக் கொடியையும் தவறவிடாதீர்கள்.

வெளியே வந்து புனித மேரி தேவாலயத்துக்கு நடந்துவிடுங்கள். 1680-இல் திறந்தது. வெளிச்சுவர் 4 அடி கனம். மரச்சட்டமே இல்லாத வளைவுக் கூரை 2 அடி கனம், குண்டு விழுந்தாலும் தாங்கக் கட்டியது. கட்டட வரைபடம் போட்டவர் பீரங்கிப் படைக்காரர். 1758–59 பிரெஞ்சு முற்றுகையில் ராணுவத்துக்கே பயன்பட்டது. கம்பெனிப் படைத்தளபதி ராபர்ட் கிளைவின் திருமணம் 1753-இல் இங்கேதான். முற்றத்தில் பதித்திருக்கும் கல்லறைக் கற்கள் வேறிடத்திலிருந்து பெயர்த்து வந்தவை. முற்றுகையில் எதிரிகள் அவற்றின் மறைவில் நின்று சுட்டதால் இடம் மாற்றினார்கள். 1652-ஆம் ஆண்டுக் கல் ஒன்று அதில் இருக்கிறது. எழுத்து தேய்ந்திருப்பதால் உச்சி வெயிலில் படிக்க முடியாது. சாய்வாக வெளிச்சம் விழும் நேரத்தில் போங்கள்.